எல்லாரும் யோஹான்தான்: ஜெர்மன் பெயர்களைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

1685 மார்ச் 23. துரிங்கியக் காடுகளை ஒட்டி இருக்கும் ஐசெனாக் என்ற ஊரில், புனித ஜார்ஜ் தேவாலயத்துக்கு இரண்டு நாள் குழந்தை ஒன்றை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிவந்தார்கள். ஞானத்தந்தையாக நின்றவர்கள் இருவர். ஒருவர் கோத்தா நகரத்து இசைக்கலைஞர் செபாஸ்டியன் நாகல். இன்னொருவர் அதே ஊரில் காட்டுக் காவல் அதிகாரியாக இருந்த யோஹான் கியோர்க் கோக். குழந்தைக்கு வைத்த பெயரில் இந்த இருவருமே இருக்கிறார்கள்: யோஹான் செபாஸ்டியன். அந்தக் குழந்தைதான் பின்னாளில் உலகமே கொண்டாடிய இசைமேதை பாக்.

இப்போது அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். அப்பா பெயர் யோஹான் அம்ப்ரோசியஸ். அவரோடு இரட்டையாகப் பிறந்த சித்தப்பா யோஹான் கிறிஸ்டோஃப். அண்ணன்கள் யோஹான் கிறிஸ்டோஃப், யோஹான் பல்தசார், யோஹான் யாகோப். அக்கா ஒருத்தி யோஹானா யூடிட்டா. அந்தத் தம்பதிக்குப் பிறந்த எட்டுப் பிள்ளைகளில் ஏழு பேருக்கு யோஹான், யோஹான்னஸ் அல்லது அதன் பெண்பாலான யோஹானா. மரியா சலோமே என்ற ஒரு பெண் மட்டும்தான் விலக்கு. போதாக்குறைக்கு, அதே ஊர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த அப்பாவின் சித்தப்பா மகன் பெயரும் யோஹான் கிறிஸ்டோஃப்.

பாக் குடும்ப மரத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று ஒரு தாளில் எல்லாரையும் எழுதி அம்புக்குறி போட்டு இணைக்க முயன்றேன். பாதித் தாள் யோஹானாலேயே நிரம்பிவிட்டது. ஒரே பெயரை இத்தனை பேருக்கு எதற்காக வைக்கிறார்கள், கூப்பிட்டால் எல்லாருமே திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்று எனக்குத் தோன்றியது.

திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். காரணம், அந்த வீட்டில் யாரும் யாரையும் யோஹான் என்று கூப்பிட்டதே இல்லை. ஜெர்மன் மொழி பேசியவர்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கும் ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

கூப்பிடும் பெயர் வேறு

பழைய ஜெர்மன் வழக்கத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானத்தின்போது இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு பெயர்கூட வைப்பார்கள். முதலில் வருவது பெரும்பாலும் ஒரு புனிதரின் பெயர். அது காப்புக் கட்டுவது மாதிரி. குழந்தை அந்தப் புனிதரின் பாதுகாப்பில் இருக்கட்டும் என்பதற்காக. ஆண் குழந்தை என்றால் யோஹான், பெண் குழந்தை என்றால் அன்னா, மரியா. அதற்கு அடுத்து வரும் பெயர்தான் வாழ்நாள் முழுக்கப் புழங்கும் பெயர். அதை ஜெர்மனில் 'ரூஃப்நாமே' என்பார்கள். 'ரூஃபன்' என்றால் கூப்பிடுவது, 'நாமே' என்றால் பெயர். கூப்பிடும் பெயர், அவ்வளவுதான். பிற்காலத்தில் அரசாங்கப் படிவங்களில் பல பெயர்களுக்கு நடுவே இந்தக் கூப்பிடும் பெயரை மட்டும் அடிக்கோடிட்டுக் காட்டும் வழக்கமும் வந்தது.

தமிழ் வாசகருக்கு இது புரியாத சங்கதி இல்லை. மரிய அந்தோணி, மரிய சூசை, மரிய லூயிஸ் என்று அண்ணன் தம்பிகள் இருக்கும் வீட்டில் யாரும் 'மரிய' என்று கூப்பிடுவதில்லை. அந்தோணி, சூசை, லூயிஸ்தான். முகம்மது என்ற பெயர் முன்னால் நிற்கும் வீடுகளிலும் இதே கதைதான். முன்னால் நிற்பது அருளுக்கு, பின்னால் வருவது ஆளுக்கு.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பல பெரிய பெயர்கள் சட்டென்று தெளிவாகும். மகாகவி கதே 1749இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தார். முழுப்பெயர் யோஹான் வோல்ஃப்காங். அப்பா யோஹான் காஸ்பர். அம்மாவின் அப்பா, ஊரின் தலைமை நிர்வாகி, யோஹான் வோல்ஃப்காங் டெக்ஸ்டர். பேரனுக்குத் தாத்தா பெயரை அப்படியே வைத்துவிட்டார்கள். வீட்டில் அவர் வோல்ஃப்காங்.

அவர் வாழ்ந்த வைமார் நகரத்தில் இன்றும் நாடக அரங்கின் முன்னால் இரு கவிஞர்கள் சேர்ந்து நிற்கும் சிலை ஒன்று இருக்கிறது. 1857இல் வைத்தது. ஒருவர் கதே, மற்றவர் ஷில்லர். ஷில்லரின் முழுப்பெயர் யோஹான் கிறிஸ்டோஃப் ஃபிரீட்ரிஷ் என்பது பலருக்குத் தெரியாது. அவர் எல்லாருக்கும் ஃபிரீட்ரிஷ்தான். அதே ஊரில் வாழ்ந்த சிந்தனையாளர் ஹெர்டரோ யோஹான் கோட்ஃபிரீட். வைமாரின் நான்கு பெரும் எழுத்தாளர்கள் என்று சொல்லப்படுபவர்களில் மூவர் யோஹான். நான்காமவரான வீலாண்ட் மட்டும் தப்பித்தார். கணித மேதை காஸின் ஞானஸ்நானப் பெயரிலும் யோஹான் உண்டு. ஆனால் அவர் கையெழுத்துப் போட்டது கார்ல் ஃபிரீட்ரிஷ் காஸ் என்று. கவிஞர் ஹோல்டர்லினும் யோஹான்தான். அவரையும் ஃபிரீட்ரிஷ் என்றே அறிவோம்.

அருளப்பரும் யோஹானும் ஒருவரே

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? எபிரேயத்தில் 'யோஹனான்'. கடவுள் அருள் புரிந்தார் என்று பொருள். அது கிரேக்கத்தில் யோவான்னேஸ் ஆகி, லத்தீனில் யோஹான்னஸ் ஆகி, ஜெர்மனுக்குள் நுழைந்தது. அதே பெயர்தான் தமிழ் விவிலியத்தில் யோவான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஒருபடி மேலே போய்ப் பொருளையே மொழிபெயர்த்து அருளப்பர் என்றார்கள். ஒரு பெயரின் உயிரை இவ்வளவு அழகாக வேறு மொழிக்குக் கொண்டுவந்த சொல் எனக்கு வேறு தெரியவில்லை. ஆங்கிலத்தின் ஜான், ஸ்பானியத்தின் ஹுவான், ரஷ்யத்தின் இவான் எல்லாம் அதே அருளப்பர்தான்.

ஜெர்மனில் இந்தப் பெயர் மூன்று அளவில் கிடைக்கும். முழு நீளம் யோஹான்னஸ். ஓரசை குறைந்தால் யோஹான். இன்னும் தேய்ந்தால் ஹான்ஸ். யோஹான்னஸ் என்பதில் தலையை வெட்டிவிட்டு உடலை மட்டும் சொல்லிப் பாருங்கள், ஹான்ஸ் வந்துவிடும். வடக்கே யான், தெற்கிலும் மேற்கிலும் ஹான்னஸ், ஹென்னே என்றெல்லாம் வட்டாரத்துக்கு ஒரு வடிவம். குழந்தைகள் கதையில் வரும் ஹான்ஸெல் கூடச் செல்லமாகக் கூப்பிட்ட ஹான்ஸ்தான். ஹான்ஸ் என்ற பெயர் அவ்வளவு மலிந்ததால் அது 'ஆள்' என்ற பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. தற்பெருமை பேசித் திரிபவனை ஜெர்மனில் 'பிரால்ஹான்ஸ்' என்பார்கள். நாம் அலட்டல் பேர்வழி என்கிறோமே, அது.

ஒரு சின்னத் தகவல், வாசிக்கும்போது உதவும். ஜெர்மனில் 'ஜே' எழுத்தின் ஒலி 'ய'. அதனால்தான் யோஹான். தமிழ்ப் பத்திரிகைகளிலும் பாடநூல்களிலும் ஜோஹன், ஜோகன், யோகான் என்று பலவிதமாக வரும். எல்லாம் ஒரே பெயர்தான், குழம்ப வேண்டாம்.

ஏன் இந்தப் பெயருக்கு மட்டும் இத்தனை மவுசு? ஒன்றல்ல, இரண்டு பெரிய புனிதர்கள் இதைத் தாங்கியிருக்கிறார்கள். திருமுழுக்கு யோவானின் திருநாள் ஜூன் 24. நற்செய்தி எழுதிய யோவானின் திருநாள் டிசம்பர் 27. பிறந்த நாளை ஒட்டி வரும் புனிதரின் பெயரை வைப்பது அன்றைய வழக்கம். மார்ட்டின் லூதர் 1483 நவம்பர் 10 அன்று பிறந்து மறுநாள் ஞானஸ்நானம் பெற்றார். அது புனித மார்ட்டின் திருநாள், அதனால் மார்ட்டின். அவருடைய அப்பாவும் ஹான்ஸ்தான், மூத்த மகனும் ஹான்ஸ்தான். வானியலாளர் கெப்லர் பிறந்தது 1571 டிசம்பர் 27. அவருக்கு யோஹான்னஸ் என்று வைக்காமல் வேறு என்ன வைத்திருக்க முடியும்? மொஸார்ட் 1756 ஜனவரி 27 அன்று பிறந்தார். அன்று பழைய நாட்காட்டியில் பொன்வாய் அருளப்பர் என்னும் யோவான் கிறிசோஸ்தோமின் திருநாள். அதனால் அவருடைய ஞானஸ்நானப் பதிவு 'யோஹான்னஸ் கிறிசோஸ்தோமுஸ்' என்றே தொடங்குகிறது. வோல்ஃப்காங் அதற்கப்புறம்தான்.

கடன்காரரும் யோஹான், கடன் கொடுத்தவரும் யோஹான்

மைன்ஸ் நகரத்தில் 1400 வாக்கில் பிறந்தவர் கூட்டன்பர்க். ஐரோப்பாவில் உலோக எழுத்துகளை ஒவ்வொன்றாக வார்த்து, கோத்து அச்சடிக்கும் முறையைக் கொண்டுவந்தவர். அவருடைய குடும்பப் பெயர் உண்மையில் கென்ஸ்ஃப்ளைஷ். வாத்து இறைச்சி என்று பொருள். 'கூட்டன்பர்க்' என்பது அவர்கள் வைத்திருந்த ஒரு வீட்டின் பெயர். பெயர் யோஹான்னஸ், ஆவணங்களில் ஹென்னே என்றும் வரும். ஆக ஹென்னே கென்ஸ்ஃப்ளைஷ் என்றும் யோஹான்னஸ் கூட்டன்பர்க் என்றும் படித்தால் அவை இரண்டு பேர் அல்ல.

அச்சகம் அமைக்கப் பணம் வேண்டுமே. 1450இல் ஒரு பணக்காரரிடம் 800 கில்டர் கடன் வாங்கினார். இரண்டு வருடம் கழித்து இன்னொரு 800. கடன் கொடுத்தவர் பெயர் யோஹான் ஃபுஸ்ட். ஒரு பக்கத்தில் 42 வரி கொண்ட புகழ்பெற்ற விவிலியம் அச்சாகிக்கொண்டிருந்த காலத்திலேயே இருவருக்கும் பிணக்கு முற்றியது. ஃபுஸ்ட் வழக்குத் தொடுத்தார். வட்டியும் முதலுமாக 2,000 கில்டருக்கு மேல் கேட்டார். 1455 நவம்பர் 6 தேதியிட்டு ஒரு பத்திர எழுத்தர் எழுதிய தாள் இன்றும் கோட்டிங்கன் நூலகத்தில் இருக்கிறது. அச்சுக்கலையின் பிறப்பைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அந்த ஒற்றை வழக்குத் தாளிலிருந்துதான் வருகிறது. ஒரு யோஹானுக்கு எதிராக இன்னொரு யோஹான். வழக்குக்குப் பின் ஃபுஸ்ட், கூட்டன்பர்க்கிடம் வேலை பார்த்த பேட்டர் ஷோஃபரைச் சேர்த்துக்கொண்டு 1457இல் விவிலியத்தின் திருப்பாடல்கள் அடங்கிய அருமையான புத்தகம் ஒன்றை அச்சிட்டார். அதில் ஃபுஸ்டின் பெயரும் ஷோஃபரின் பெயரும் இருக்கின்றன. கூட்டன்பர்க் தன் பெயரைப் போட்டு அச்சிட்ட ஒரு புத்தகமும் நமக்குக் கிடைத்ததில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கூட்டன்பர்க் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. அவர் பெயர் யோஹான்னஸ் என்பதால், ஜூன் 24 யோவான் திருநாளையே அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பெயரிலிருந்து பிறந்தநாளைக் கண்டுபிடித்துக் கொடுத்த ஊர் அது.

வானத்தைப் பங்குபோட்டவர்கள்

எந்தத் துறையில் யோஹான்கள் அதிகம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் வானியல் என்பேன். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குத் தீவட்டி மாறுவதுபோல் 250 ஆண்டு அந்த வரிசை போகிறது.

1603இல் ஆக்ஸ்பர்க் நகரத்து வழக்கறிஞர் யோஹான் பயர் ஒரு நட்சத்திரப் படத்தொகுதி வெளியிட்டார். ஒவ்வொரு விண்மீன் கூட்டத்திலும் இருக்கும் நட்சத்திரங்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகளைக் கொடுத்தவர் அவர். நாம் திருவாதிரை என்று சொல்லும் நட்சத்திரம் வானியல் புத்தகங்களில் ஆல்ஃபா ஓரியானிஸ் என்று இருக்கும். அது பயர் வைத்த பெயர்.

ஆறு வருடம் கழித்து, 1609இல், யோஹான்னஸ் கெப்லர் கோள்கள் வட்டமாக அல்ல, நீள்வட்டமாகச் சுற்றுகின்றன என்று காட்டினார். மூன்றாவது விதி 1619இல் வெளிவந்தது. 1647இல் டான்ஸிக் துறைமுகத்தில் மதுபானம் காய்ச்சும் குடும்பத்தில் வந்த யோஹான்னஸ் ஹெவேலியஸ் நிலவுக்குப் படம் போட்டார். 1766இல் யோஹான் டேனியல் டிட்டியஸ், தான் மொழிபெயர்த்த ஒரு புத்தகத்துக்குள், கோள்களின் தூரங்களுக்கு நடுவே ஓர் எண் ஒழுங்கு இருப்பதாக ஒரு குறிப்பைச் செருகினார். அதை எடுத்துப் பரப்பியவர் யோஹான் எலெர்ட் போடே. யுரேனஸ் கோளுக்கு அந்தப் பெயரைச் சொன்னவரும் இதே போடேதான்.

அந்த ஒழுங்கின்படி செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. 1801இன் முதல் நாள் இரவு சிசிலியில் பியாட்சி என்பவர் அங்கே ஒரு சின்ன ஒளிப்புள்ளியைக் கண்டார். அதுதான் சீரிஸ் என்ற குறுங்கோள். சில வாரத்தில் அது சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்துவிட்டது. கிடைத்த சில அளவுகளை வைத்துக்கொண்டு அது மறுபடி எங்கே வரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் 24 வயது காஸ். ஆம், பெயரிலிருந்து யோஹானை விட்டுவிட்ட அதே காஸ். அவர் சொன்ன இடத்தருகே அது அகப்பட்டது.

காஸிடம் படித்தவர் யோஹான் ஃபிரான்ஸ் எங்கே. அவர் பிற்பாடு பெர்லின் வான்காணகத்தின் இயக்குநரானார். அவருக்கு உதவியாளர் யோஹான் கோட்ஃபிரீட் காலே. 1846 செப்டம்பர் 23 அன்று பாரிஸிலிருந்து லெ வெரியே என்ற கணித வல்லுநரின் கடிதம் காலே கைக்கு வந்து சேர்ந்தது. யுரேனஸின் பாதை கொஞ்சம் விலகுகிறது, அதை இழுக்கும் இன்னொரு கோள் இந்த இடத்தில் இருக்க வேண்டும், தயவுசெய்து பாருங்கள் என்பது சாரம். இயக்குநர் எங்கேவுக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் அன்று அவருடைய 55ஆம் பிறந்தநாள். மாலை அவர் வீட்டில் விருந்து. தொலைநோக்கி அவருக்கு வேண்டியதில்லை. சரி, பாருங்கள் என்று விட்டுவிட்டார்.

அன்றிரவு காலே தொலைநோக்கியில் கண் வைத்து ஒவ்வொரு நட்சத்திரமாக இடத்தைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் தாரெஸ்ட் என்ற மாணவர் புதிதாக அச்சான வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் காலே சொன்ன ஒரு புள்ளி படத்தில் இல்லை. அதுதான் நெப்டியூன். லெ வெரியே சொன்ன இடத்துக்கும் அதற்கும் ஒரு பாகை கூட வித்தியாசம் இல்லை. இருவரும் விருந்து வீட்டுக்குப் போய் எங்கேவுக்குச் செய்தி சொல்ல, அவரும் வந்து பார்த்தார். பிறந்தநாளுக்கு ஒரு கோளே பரிசாகக் கிடைத்த யோஹான் அவர்.

கூடவே இன்னொன்று. டிட்டியஸும் போடேவும் சொன்ன எண் ஒழுங்குக்கு நெப்டியூன் கட்டுப்படவில்லை. அது சொன்ன தூரத்துக்கு வெகு முன்னாலேயே இருந்தது. ஒரு யோஹான் கண்டுபிடித்த கோள் வேறு இரு யோஹான்களின் விதியைச் சாய்த்துவிட்டது.

அப்பா, மகன், பேரன்

கூப்பிடும் பெயரும் ஒன்றாகவே இருந்தால் என்ன செய்வது? அங்கேதான் 'மூத்த', 'இளைய', 'முதலாம்', 'இரண்டாம்' எல்லாம் வருகின்றன. ஆக்ஸ்பர்க் ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் மூத்தவர். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியை வரைந்த ஹான்ஸ் ஹோல்பைன் அவருடைய மகன், இளையவர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து பெர்னூலி குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கணிதம் அறிந்த யோஹான்கள். அவர்களுக்கு முதலாம், இரண்டாம், மூன்றாம் என்று எண் கொடுத்துத்தான் பிரிக்கிறோம். கணித மேதை ஆய்லருக்குக் கற்பித்தவர் முதலாமவர். பாடப்புத்தகத்தில் விமானச் சிறகைப் பற்றிப் படிக்கும் பெர்னூலி தத்துவம் இவருடைய மகன் டேனியலுடையது, யோஹானுடையது அல்ல. இங்கே பலர் தவறுகிறார்கள்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒரே பெயர் மோதிக்கொண்ட கதை என்றால் அது வியன்னாவின் ஸ்ட்ராஸ் வீடுதான். அப்பா யோஹான் ஸ்ட்ராஸ், 1804இல் பிறந்தவர், வால்ட்ஸ் நடன இசையில் கொடிகட்டிப் பறந்தார். மூத்த மகனுக்கும் யோஹான் என்றே பெயர் வைத்தார். ஆனால் மகன் இசைக்கு வரக்கூடாது, வங்கி வேலைக்குப் போக வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தார். அம்மா அன்னாவின் ஆதரவோடு மகன் வயலின் கற்றுக்கொண்டான். கடைசியில் 1844 அக்டோபரில், 18 வயதில், ஹீட்ஸிங்கில் இருந்த டோமயர் நடன அரங்கில் சொந்த இசைக்குழுவோடு மேடையேறிவிட்டான். அந்த இரவில் அப்பாவின் வால்ட்ஸ் ஒன்றையும் வாசித்தான். சண்டை போட்ட அப்பாவுக்கு மகன் செய்த மரியாதை அது.

1848இல் வியன்னாவில் புரட்சி வெடித்தபோது அப்பா அரசர் பக்கம், மகன் புரட்சிக்காரர் பக்கம். அப்பா தளபதி ராடெட்ஸ்கியைப் போற்றி அணிநடை இசை எழுதினார். மறு ஆண்டே செந்நச்சுக் காய்ச்சலில் அப்பா இறந்துபோக, மகன் இரண்டு இசைக்குழுக்களையும் ஒன்றாக்கினார். 'அழகிய நீல டான்யூப்' இந்த மகனுடையது. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் வியன்னாவில் நடக்கும் புத்தாண்டுக் கச்சேரியின் முடிவில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கிறார்கள்: முதலில் மகனின் நீல டான்யூப், அப்புறம் கைதட்டலோடு அப்பாவின் ராடெட்ஸ்கி. தொலைக்காட்சியில் அதைக் கேட்கும்போது இது இரண்டு யோஹான்கள் என்பதை நினைவில் வையுங்கள். தம்பி எடுவார்டின் மகனும் யோஹான், அவர் மூன்றாமவர். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்ற இன்னொரு பெரிய இசையமைப்பாளருக்கு இந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லை.

இளைய ஸ்ட்ராஸின் நண்பர்தான் யோஹான்னஸ் பிராம்ஸ். ஸ்ட்ராஸ் வீட்டுப் பெண் ஒருவர் விசிறியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது பிராம்ஸ் நீல டான்யூபின் முதல் சில சுரங்களை எழுதி, அதன் கீழே 'துரதிர்ஷ்டவசமாக யோஹான்னஸ் பிராம்ஸ் எழுதியதல்ல' என்று குறித்தார். எவ்வளவு பெரிய மனது!

பாக் வீட்டுக்குத் திரும்பினால், அங்கே எண் கொடுத்தும் கட்டுப்படியாகாது. எனவே ஊரால் பிரித்தார்கள். மகன்களில் யோஹான் கிறிஸ்டியன் 'லண்டன் பாக்'. 1764இல் எட்டு வயது மொஸார்ட் லண்டன் போனபோது அன்போடு அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சேர்ந்து வாசித்தவர் இவர். யோஹான் கிறிஸ்டோஃப் ஃபிரீட்ரிஷ் 'பியூக்கபர்க் பாக்'.

பெயரை மாற்றிக்கொண்டவர் ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். 1822இல் இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஒரு ஜெர்மன் மொழிக் கிராமத்தில் விவசாயி மகனாகப் பிறந்த யோஹான், 21 வயதில் பிரூன் நகரத்து அகஸ்டீனிய மடத்தில் சேர்ந்தபோது துறவுப் பெயராக கிரெகோர் என்று பெற்றார். பட்டாணிச் செடியை வைத்து மரபியலுக்கு வழி காட்டிய கிரெகோர் மெண்டல் இவர். பிறந்த ஊர் இன்று செக், அன்று ஆஸ்திரியப் பேரரசு. பெர்னூலிகள் சுவிஸ். ஹெவேலியஸ் போலந்து மன்னரின் ஆளுகைக்குட்பட்ட நகரத்தவர். ஜெர்மனி என்ற ஒரே நாடு 1871இல்தான் உருவானது. இவர்களையெல்லாம் 'ஜெர்மானியர்' என்பதைவிட 'ஜெர்மன் மொழி பேசியவர்கள்' என்பதே சரி என்று சொல்வது இதனால்தான்.

தரங்கம்பாடிக் கரையில்

இந்த யோஹான்களில் சிலர் நம் கரைக்கே வந்திருக்கிறார்கள். டேனியர் கையில் இருந்த தரங்கம்பாடிக்கு 1709இல் வந்த யோஹான் எர்ன்ஸ்ட் கிரூண்ட்லர், மறைப்பணியாளர் சீகன்பால்குவின் தோழர். தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மனில் எழுதியவர். 1740இல் வந்த யோஹான் பிலிப் ஃபப்ரீசியஸ் வேப்பேரியில் வாழ்ந்து விவிலியத்தை மறுபடி தமிழாக்கினார். அவரும் யோஹான் கிறிஸ்டியன் பிரைட்ஹாப்ட்டும் சேர்ந்து 1779இல் வேப்பேரி அச்சகத்தில் ஒரு தமிழ் ஆங்கில அகராதியை அச்சிட்டார்கள். விரிவுபடுத்தப்பட்ட அதன் பிந்தைய பதிப்பை இன்றும் இணையத்தில் தேடலாம். பின்னால் வந்த யோஹான் பேட்டர் ரோட்லரும் ஓர் அகராதி செய்தார். செடி சேகரிப்பதிலும் பேர்பெற்றவர்.

1768 வாக்கில் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக், ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸிடம் படித்தவர். பால்டிக் கரைப் பக்கத்து ஜெர்மன் மொழிக் குடும்பம். ஊர் ஊராக அலைந்து செடிகளைச் சேகரித்துக் குருவுக்கு அனுப்பினார். சேகரித்துக்கொண்டே திரிந்து, 1785இல் ஆந்திரக் கரையில் காக்கிநாடா அருகே இறந்தார். லின்னேயஸ் 1771இல் ஒரு செடிக்கு மாணவரின் பெயரைச் சேர்த்து வைத்தார். பிற்பாடு அதன் பேரினப் பெயர் மாறி, 'முர்ரயா கோனிகி' ஆயிற்று. முர்ரயா என்பது கோட்டிங்கன் பேராசிரியர் யோஹான் ஆண்ட்ரியாஸ் முர்ரேயின் நினைவாக. கோனிகி என்பது கோனிக்கின் நினைவாக. இரண்டு சொல், இரண்டு யோஹான். அந்தச் செடி, நம் கறிவேப்பிலை.